மெட்டு தாண்டிப் போன பாட்டு: பாவலர் வரதராஜன் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு பாடகர் பற்றியது. அவரே பாட்டு எழுதுவார், அவரே பாடுவார், ஊர் ஊராக டூர் போவார். இன்னைக்கு இருந்திருந்தா ‘இண்டி ஆர்ட்டிஸ்ட்’னு சொல்லியிருப்போம். ஆனா அவர் பேரை ஸ்பாட்டிஃபையில் தேடினால் ஒரு ஆல்பம்கூட வராது. அவர் பேர் உங்களுக்குப் பெரும்பாலும் ஒரு பட கம்பெனி டைட்டிலில்தான் கண்ணில் பட்டிருக்கும்: ‘பாவலர் கிரியேஷன்ஸ்’. 1981-ல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ ஞாபகம் இருக்கா? அந்தப் படத்தைத் தயாரித்த கம்பெனி. அந்தப் பேரில் இருக்கிற பாவலர்தான் பாவலர் வரதராஜன். இளையராஜாவின் அண்ணன்.

‘இளையராஜாவின் அண்ணன்’ என்று சொன்னதும் கதை முடிந்துபோன மாதிரி ஆகிவிடுகிறது இல்லையா? பெரிய ஆளின் சொந்தக்காரர், அவ்வளவுதான். அந்த வரியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். 1958-ல் அந்தப் பக்கத்து மலைகளில் யாரிடமாவது போய் ‘இளையராஜா யாரு’னு கேட்டிருந்தா யாருக்கும் தெரிந்திருக்காது. ‘பாவலர் தம்பி’ன்னு சொன்னாத்தான் தெரியும்.

முதலில் மலை

இந்தக் கதைக்கு மேப் முக்கியம். கூகுள் மேப்பில் போடிநாயக்கனூர் போட்டுக்கோங்க. அங்கிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் சொச்சம் போனால் குரங்கணி. ‘மைனா’ படம் எடுத்த ஊர். 2018 மார்ச் 11-ம் தேதி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்களே, அதே குரங்கணிதான். நகரத்தில் இருக்கிற நமக்கு அது ஒரு டிரெக்கிங் ஸ்பாட். அந்தப் பக்கத்து மக்களுக்கு அது வேலைக்குப் போகிற வழி.

நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு தேயிலை வெளியே வந்த முக்கியமான பாதை எது தெரியுமா? கொச்சிப் பக்கம் இல்லை, நம்ம பக்கம். மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில் ஓடியது. முதலில் 1902-ல் மோனோரயில், 1908-ல் அதை மாற்றி நேரோகேஜ். டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை ரோப்வேயில் ஏற்றி, கொட்டகுடிக்கு, அதாவது குரங்கணிப் பக்கத்து அடிவாரத்துக்கு இறக்குவார்கள். அங்கிருந்து போடி, பிறகு துறைமுகம், பிறகு கப்பல். 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. ‘டாப் ஸ்டேஷன்’னு பேர் மட்டும் மிச்சம். அங்கே போய் செல்ஃபி எடுக்கிறவர்கள் ‘எங்கப்பா ஸ்டேஷன்?’னு தேடுவதற்குக் காரணம் இதுதான்.

தேயிலை இறங்கிய மலையில் ஆட்கள் ஏறினார்கள். மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக, கங்காணிகள் கூட்டிக்கொண்டு போய் எஸ்டேட் லயங்களில் குடிவைத்தார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள். ஏலத்தோட்டங்களுக்கு வேறு ஒரு வழக்கம். அடிவாரத்திலிருந்து போய்வந்து வேலை செய்வது. இன்னைக்கும் விடியற்காலையில் போடி, தேவாரம், கம்பம் பக்கம் போனால், இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுவதைப் பார்க்கலாம்.

இந்தப் பக்கத்து ஊர்ப் பேர்களைக் கவனித்திருக்கீங்களா? போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்குலூத்துமெட்டு. மலையின் உச்சியில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாண்டுகிற இடத்துக்கு ‘மெட்டு’னு பேர். பாட்டோட டியூனுக்கும் நம்ம வார்த்தை அதுதான். மெட்டு. இன்றைய கதையில் ரெண்டு மெட்டும் வரும்.

பண்ணைப்புரத்து வீடு

போடியிலிருந்து மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே போனால் சிலமலை, தேவாரம், அதைத் தாண்டி பண்ணைப்புரம். அப்போது அது மதுரை மாவட்டம். தேனி மாவட்டம் தொண்ணூறுகளில்தான் பிரிந்தது. அந்த ஊரில் டேனியல் ராமசாமி என்பவருடைய வீடு. எஸ்டேட்டில் மேற்பார்வை பார்த்தவர். பிள்ளைகளில் மூத்தவர் வரதராஜன். அவருக்குப் பின்னால் பாஸ்கர், அடுத்து வீட்டில் ராசையா என்று கூப்பிட்ட ஞானதேசிகன், கடைசியாக அமர்சிங். ராசையா பிற்பாடு இளையராஜா. அமர்சிங் பிற்பாடு கங்கை அமரன்.

வசதியான வீடு இல்லை. அப்பா சீக்கிரமே இறந்துவிட, படிப்பு தட்டுத்தடுமாறியது. வைகை அணை கட்டிக்கொண்டிருந்தபோது ராசையா அங்கே கூலி வேலைக்குப் போயிருக்கிறார். இதை இளையராஜாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் வரதராஜனிடம் இருந்தது ஒரு ஆர்மோனியமும் ஒரு கட்சியும். கம்யூனிஸ்ட் கட்சி.

ஆர்மோனியம் பற்றி ஒரு சின்ன விஷயம். அந்தப் பெட்டியை அகில இந்திய வானொலி 1940-ல் தடை செய்திருந்தது. நம்ம கமகம் அதில் வராது, அது வெளிநாட்டுச் சரக்கு என்பது வாதம். அந்தத் தடை எழுபதுகளில்தான் தளர்ந்தது. அதாவது அரசாங்க ரேடியோவுக்குள் நுழைய முடியாத வாத்தியம், ஊர் மேடைகளில் ராஜா. காரணம் சிம்பிள். தலையில் தூக்கிக்கொண்டு மலையேறலாம். கரண்ட் வேண்டாம். ஒரு கை காற்றடிக்க, இன்னொரு கை வாசிக்க, வாய் பாடுவதற்கு ஃப்ரீ. ஒரே ஆள் முழு கச்சேரியையும் தாங்கலாம்.

தெரிந்த மெட்டு, புது வரி

சரி, பாவலர் என்ன பாடினார்? இந்த இடத்தில்தான் அவருடைய வேலை எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பாடினது கட்சிக் கூட்டங்களில். கூலி, விலைவாசி, பசி, அதிகாரியின் திமிர், எதிர்க்கட்சியைப் பற்றிய கிண்டல். இதையெல்லாம் ஏற்கெனவே ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டில் உட்கார வைப்பார். சில சமயம் நாட்டுப்புற மெட்டு, சில சமயம் அப்போது ஹிட்டாகியிருந்த சினிமா மெட்டு. இதை ‘காப்பி’னு ஒதுக்கிவிட முடியாது. இது ஒரு டெக்னிக்.

யோசிச்சுப் பாருங்க. அம்பதுகளில் ஒரு தோட்டத் தொழிலாளிக்குப் பாட்டு எப்படிக் கிடைத்தது? அகில இந்திய வானொலி 1952-லிருந்தே சினிமாப் பாட்டை ஓரங்கட்டிவிட்டது. அமைச்சர் பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அதனால் ஜனங்கள் ரேடியோ சிலோன் கேட்டார்கள். டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தார்கள். கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் கேட்டார்கள். மெட்டு அப்படி மனசில் பதிந்திருக்கும். ஆனால் மேடையில் ஒருவர் புது மெட்டில் புதுப் பாட்டு பாடினால் என்ன ஆகும்? ஒரு தடவை கேட்டுவிட்டு மறந்துபோவார்கள். ரெக்கார்டு கிடையாது, ரீப்ளே கிடையாது.

தெரிந்த மெட்டில் பாடினால்? முதல் வரியிலேயே கூட்டம் சேர்ந்துகொள்ளும். மெட்டைக் கற்றுக்கொள்ள வேண்டாம், வார்த்தையை மட்டும் பிடித்தால் போதும். அடுத்த நாள் கொழுந்து கிள்ளும்போது அந்தப் புது வரி தானாக வாயில் வரும். காசு செலவில்லாத மீடியா அது. பழைய வரியில் காதலி வந்த இடத்தில் புது வரியில் கங்காணி வந்து நின்றால் சிரிப்பும் வரும். சிரித்ததை யாரும் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தது நம்ம ஆள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜோ ஹில் என்று ஒரு பாட்டுக்காரர். ஸ்வீடனில் பிறந்து பிழைப்புக்காக அமெரிக்கா போனவர். சாலை முக்கில் பேண்டு வாத்தியத்தோடு மதப் பிரசாரம் பண்ணுகிறவர்களின் பக்திப் பாட்டு மெட்டை எடுத்து, அதில் தொழிலாளியின் பசியை எழுதிப் பாடினார். 1915-ல் யூட்டா மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அந்தத் தீர்ப்பு நியாயமானதா என்று இன்னைக்கும் விவாதம் நடக்கிறது. பக்கத்தில் கேரளத்தில் 1952-ல் கே.பி.ஏ.சி. நாடகக் குழு ‘நிங்கள் என்னை கம்யூனிஸ்டாக்கி’ போட்டபோது, நாடகத்தைவிட பாட்டு வேகமாகப் பரவியது. நம்ம பக்கம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இதே அரசியலைச் சினிமாவுக்குள் கொண்டுபோனார். 1959-ல், 29 வயசில் இறந்துபோனார். பட்டுக்கோட்டையின் பாட்டு இசைத்தட்டில் பதிவானது, அதனால் நமக்குக் கிடைத்தது. பாவலரின் பாட்டு மேடையில் நின்றது. இந்த வித்தியாசத்தை மனசில் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

1958: ஒரு இடைத்தேர்தல்

இப்போது கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். 1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள் உருவாகின்றன. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ் பேசுகிற தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். அந்தத் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கடைசியில் கன்னியாகுமரி இந்தப் பக்கம் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. ஒரே ராத்திரியில் அந்த ஜனங்கள் இன்னொரு மொழி மாநிலத்தின் வாக்காளர்கள் ஆனார்கள்.

அடுத்த வருஷம் கேரளத்தின் முதல் தேர்தல். மொத்தம் 126 இடம். கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60. ஆதரவு சுயேச்சைகள் 5 பேரைச் சேர்த்து 65. ஏப்ரல் 5-ம் தேதி இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சர் ஆனார். நூலிழை மெஜாரிட்டி. அந்த 60 பேரில் ஒருவர் தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸ். கேரள சட்டமன்றத்தில் முதல் ஆளாகப் பதவிப் பிரமாணம் எடுத்தவர். போட்டியிட வந்த இன்னொருவரின் வேட்புமனுவைத் தப்பாகத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று அவருடைய வெற்றி செல்லாமல் போனது. 1958-ல் இடைத்தேர்தல்.

இப்போது கட்சியின் இடத்திலிருந்து பாருங்க. அரசாங்கமே மெல்லிய கயிற்றில் தொங்குகிறது. வாக்காளர்களில் பெரிய பகுதி தமிழர்கள். தலைவர்கள் பேசுவது மலையாளம். ‘எங்களைக் கேட்காமலே எங்களை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள்’ என்று தொழிலாளர்களுக்கு உள்ளுக்குள் ஒரு கசப்பு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, நோட்டீஸ் அடித்து என்ன பயன்? எஸ்டேட் லயங்கள் மலைக்கு மலை சிதறிக் கிடக்கின்றன. அங்கே யாரை அனுப்புவது?

மலைக்கு இந்தப் பக்கத்துக்காரர், தோட்ட வாழ்க்கை தெரிந்த வீட்டுப் பிள்ளை, அவர்கள் பேச்சிலேயே பாடக்கூடியவர். பாவலர் மெட்டு தாண்டி அந்தப் பக்கம் போனார். கூட தம்பி ராசையாவும் போனார். அப்போது அவருக்குப் பதினாலு வயசு.

ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். வெற்றி விழாவில் இ.எம்.எஸ். இந்த வெற்றி பாவலருக்குச் சேரும் என்று பாராட்டினதாகக் குடும்பத்தார் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தேர்தலைப் பாட்டு மட்டுமே ஜெயிக்க வைக்காது, அது உண்மைதான். யூனியன் வேலை இருந்தது, கட்சி அமைப்பு இருந்தது. ஆனால் தமிழ்த் தொழிலாளியிடம் தமிழில் போய்ப் பேசின குரல் என்று பார்த்தால், அதில் பாவலருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த அரசாங்கத்தை 1959 ஜூலை 31-ல் மத்திய அரசு கலைத்துவிட்டது. அது வேற எபிசோட்.

பத்து வருஷ காலேஜ்

அதற்குப் பின் கிட்டத்தட்ட பத்து வருஷம், அண்ணன் தம்பிகள் குழுவாக ஊர் ஊராகப் போனார்கள். பாவலர் பிரதர்ஸ். இளையராஜாவின் இசைப் படிப்பு என்று பேசும்போது நாம் தன்ராஜ் மாஸ்டரைச் சொல்வோம், லண்டன் டிரினிட்டி காலேஜ் கிளாசிக்கல் கிடார் தேர்வைச் சொல்வோம். அது எல்லாம் 1968-க்குப் பிறகு. அதுக்கு முன்னால் இந்தப் பத்து வருஷம் இருக்கிறது.

மேடையில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? ஒன்று, வேகம். சாயங்காலம் கூட்டம் என்றால், மத்தியானம் அந்த ஊர்ப் பிரச்சினையைக் கேட்டு, ராத்திரிக்குள் பாட்டாக்கணும். ஒரு நாளில் பல பாட்டுக்கு மெட்டுப் போடுகிற ஒரு இசையமைப்பாளர் பின்னால் உருவானார் என்றால், அந்த வேகத்தை இந்த மேடையோடு சேர்த்துப் பார்ப்பதில் தப்பில்லை.

ரெண்டாவது, மெட்டைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம். ஒரு பாட்டிலிருந்து பழைய வார்த்தையை உருவிவிட்டுப் புது வார்த்தையைப் போட வேண்டுமென்றால், எந்த எழுத்து நீளணும், எந்த இடத்தில் அடி விழணும், எங்கே மூச்சு விடணும் என்று தெரிந்தாகணும். ஒரு டியூனை எலும்புக்கூடாகப் பார்க்கத் தெரியணும். இது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ஒரே நேரத்தில் நடக்கிற பயிற்சி.

மூணாவது, முன்னால் உட்கார்ந்திருக்கிற கூட்டம். நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்து வந்தவர்கள். பிடிக்கலைன்னா எழுந்து போய்விடுவார்கள். அவர்களை உட்கார வைக்கணும்.

இந்தக் காலத்தில்தான் ராசையா தன் முதல் சொந்த மெட்டைப் போட்டார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. 1964-ல் நேரு இறந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு அவர் இசையமைத்தார். தெரிந்த மெட்டுக்குப் புது வரி எழுதுகிற குழுவில் இருந்த தம்பி, எழுதின வரிக்குப் புது மெட்டு போடுகிறார். பாவலரின் டெக்னிக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பினது மாதிரி.

பாட்டு சோறு போடுமா?

கட்சி மேடைப் பாட்டில் பேர் உண்டு. வருமானம்? கூட்டம் இருந்தால் ஏதோ கொஞ்சம். இல்லாத மாதம் இல்லை. அறுபதுகளின் கடைசியில் பாஸ்கர், ராசையா, அமர் மூணு பேரும் மெட்ராஸ் கிளம்பினார்கள். அம்மா சின்னத்தாய் வீட்டில் இருந்த ரேடியோவை விற்று 400 ரூபாயை அப்படியே கையில் கொடுத்து அனுப்பினார். இளையராஜா பல தடவை சொன்ன விஷயம் இது. அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா ஏற்கெனவே பழக்கம். மெட்ராஸில் அவரும் வாய்ப்பு தேடிக்கொண்டிருந்தார்.

பாவலர் ஊர்ப் பக்கத்து ஆளாகவே இருந்தார். தம்பிகள் போன வழி நமக்குத் தெரியும். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர், 1976-ல் பஞ்சு அருணாசலத்தின் ‘அன்னக்கிளி’. அடுத்த வருஷம் ‘16 வயதினிலே’. அதில் கங்கை அமரன் எழுதிய பாட்டைப் பாடினதற்காக எஸ். ஜானகிக்குத் தேசிய விருது. பாஸ்கர் தயாரிப்பாளர் ஆனார். இதை இப்படிப் பார்க்கலாம்: பாவலர் ஒரே ஆளாக மேடையில் செய்த வேலை மூணாகப் பிரிந்தது. மெட்டு ராசையாவிடம், வரி அமரிடம், குழுவைக் கட்டி நடத்துகிற வேலை பாஸ்கரிடம்.

1980-களில் தெருவுக்குத் தெரு தம்பியின் பாட்டு ஒலித்ததைப் பார்க்கப் பாவலர் உயிரோடு இல்லை. அவர் பேரைக் கம்பெனிக்கு வைத்தது தம்பிகள் செய்த மரியாதை.

யாருடைய பாட்டு?

இந்தக் கதையை இப்போது ஏன் சொல்றோம்? நம்ம கேட்பவர்களில் பாதிப் பேர் ரீல்ஸ் போடுகிறவர்கள், சிலர் சொந்தமாகப் பாட்டு எழுதுகிறவர்கள். உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தமான கேள்வி இதில் இருக்கு.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ல் நிறைவேறி, 1958 ஜனவரியில் அமலுக்கு வந்தது. பாவலர் தேவிகுளம் மலையில் பாடின அதே வருஷம். அந்தச் சட்டப்படி ஒரு பாட்டில் வரிக்கு ஒரு உரிமை, இசைக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனியாக ஒரு உரிமை. இதைப் பாவலர் பாட்டுக்குப் போட்டுப் பாருங்க. வரி அவருடையது. சினிமா மெட்டு என்றால் இசை இன்னொருவருடையது. ஒலிப்பதிவோ கிடையவே கிடையாது. இன்னைக்கு அதே மாதிரி ஒரு பாட்டைப் பாடி யூட்யூபில் போட்டால் காப்பிரைட் கிளெய்ம் வந்து நிற்கும்.

சினிமாவில் இருந்தவர்களுக்கும் அது சுலபமாக இல்லை. 1977-ல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு போட்ட இசையின் உரிமை பொதுவாகத் தயாரிப்பாளருக்கே என்ற திசையில் தீர்ப்பு சொன்னது. வேறு ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒழிய இசையமைப்பாளருக்குப் பிடி இல்லை. 2012-ல் சட்டத்தைத் திருத்தின பிறகுதான் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டியை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று வந்தது. 2017-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் அமெரிக்கக் கச்சேரிகளுக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனபோது, ‘நண்பனுக்கே நோட்டீஸா’ என்று நாடே பேசியது. அதற்குப் பிறகும் வழக்குகள் ஓய்ந்தபாடில்லை.

அவருடைய நிலைப்பாடு சரியா தப்பா என்று ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம், கோர்ட் தீர்ப்புகளும் ஒரே மாதிரி வரவில்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்திருக்கலாம் என்று யோசிக்க ஒரு இடம் இருக்கு. பாட்டு எல்லாருக்கும் பொது என்று வாழ்ந்த ஒரு அண்ணன். அவர் பாட்டால் கட்சிக்கு ஓட்டு கிடைத்தது, கூட்டத்துக்குத் தெம்பு கிடைத்தது. பாடினவருக்கு வருமானமும் நிற்கவில்லை, குரலும் நிற்கவில்லை. அதைக் கூடவே நின்று பார்த்தவர் தம்பி. இது நம்ம ஊகம்தான், அவர் சொன்ன காரணம் இல்லை.

அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கு. எல்லா மெட்டுக்கும் பூட்டு போட்டிருந்தால் பாவலர் என்ற பாட்டுக்காரரே உருவாகியிருக்க முடியாது. அந்த மலைத் தொழிலாளிகளிடம் போய்ச் சேர அவருக்கு இன்னொருவருடைய மெட்டு தேவைப்பட்டது. படைத்தவருக்குக் கூலி வேணும். இல்லாதவர் கையில் எடுத்துப் பாடவும் வழி வேணும். ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கிற சட்டம் இன்னும் வரலை.

மலையில் இப்போது

பாவலர் பாடின விஷயங்களில் என்னவெல்லாம் பழசாகிவிட்டது? 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ், கூலி உயர்வு. எந்தக் கட்சி யூனியனையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று பேர். அதில் பெரும்பாலானவர்கள் தமிழ்ப் பெண்கள், அந்த லயங்களில் மூணாவது நாலாவது தலைமுறை. பாவலரின் பாட்டைக் கேட்டவர்களுடைய பேத்திகள் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருந்திருப்பார்கள். யூனியன் தலைவர்களையும் சேர்த்தே அவர்கள் கேள்வி கேட்டார்கள் என்பதைக் கவனிக்கணும். பாவலரை மலைக்கு அனுப்பின இடதுசாரி இயக்கத்துக்கும் அது ஒரு பதில்தான்.

2025 மார்ச் 8. லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. நம்ம டைம்லைன் முழுக்க அந்தக் கிளிப்தான் ஓடியது. ‘பண்ணைப்புரத்திலிருந்து லண்டன் வரை’ன்னு ஹெட்லைன் போட்டார்கள். நல்ல ஹெட்லைன்தான். ஆனா பண்ணைப்புரத்துக்கும் மெட்ராஸுக்கும் நடுவில் பத்து வருஷம் ஒரு தலைமறைவு ஸ்டாப் இருக்கு. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி இறங்கின வருஷங்கள்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கலாம்னு நினைக்கிறோம். உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தோட்ட வேலைக்குப் போன பாட்டி, யூனியன் கூட்டத்துக்குப் போன தாத்தா இருந்தால், அவங்க காலத்தில் மேடையில் என்ன பாடினாங்கன்னு கேளுங்க. அரை வரிதான் ஞாபகம் இருக்கும், பரவாயில்லை. போனை எடுத்து ரெக்கார்டு பண்ணுங்க. யார் பாடினது, எந்த ஊர், எந்த வருஷம்னு அவங்க வாயாலேயே சொல்ல வைங்க. பாவலர் காலத்தில் அந்த ஒரு மெஷின் எஸ்டேட் மேடைக்குப் பக்கத்தில் இல்லை. உங்க பாக்கெட்டில் இருக்கு.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா மலைப் பக்கத்து நண்பர் ஒருத்தருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.